வாடையில்லாத வீடு

வீட்டில் நாற்றம் இல்லை. அதுதான் ரியாசுதீனுக்குப் பிடிபடவில்லை.

பராமரிப்புப் பணி என்று காலையிலிருந்தே கள்ளக்குறிச்சியில் கரண்ட் இல்லை. மோட்டார் நின்றால் கூடத்துக் கடல்நீர்த் தொட்டியில் பாக்டீரியா காற்றில்லாமல் செத்து, அழுகிய முட்டை போல வீசும் என்று அதை வைத்த மச்சினன் சுஐபே சொல்லியிருந்தான். அந்த வீச்சத்தைச் சாக்கிட்டு அந்தச் சனியன் பிடித்த தொட்டியைத் தூக்கியெறியவே ரியாசுதீன் செருப்புக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான்.

சுஐப் ஒரு தண்டம். போனில் வீடியோ பார்த்தே விஞ்ஞானி ஆனவன். புதுச்சேரியிலிருந்து கேன் கேனாகக் கடல்நீர் கொண்டுவந்து ஊற்றியவன். அன்றைக்கே சொன்னான்:

"ஃபில்டர்லாம் இன்னாத்துக்கு மச்சான்? சிப்பி, புழு, பாக்டீரியா, எல்லாம் மெதக்குற அழுக்க வடிகட்டித் துன்னுக்கும்."

"உன்னத் தூக்கி உள்ள போட்டா துன்னுமா?" என்று கேட்டிருந்தான் ரியாசுதீன்.

சமையலறையில் அவன் மனைவி ரஜியா முதுகைக் காட்டிக்கொண்டு கறி கிளறினாள். மசாலா வாடையும் இல்லை.

"பாப்பா எங்க?"

"தொட்டியாண்ட ஒக்காந்துக்கினு இருக்குங்க. காலைலேர்ந்து அழுகையே இல்ல. ஜொரம் வுட்டுடிச்சு போல."

"ஒந்தம்பி தொட்டி வைத்தியமும் பாக்குதா?"

மூக்கைச் சோதிக்க ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு கூடத்துக்குப் போனான். ஜன்னல்கள் சாத்தியிருந்த அந்த அரையிருட்டில், மின்விசிறி அசையாமல் தொங்க, பத்தியின் புகை ஒரு முழம் மேலே ஏறி, யாரோ நூலைப் பிடித்து இழுப்பதுபோலப் பக்கவாட்டில் வளைந்து, நேராகத் தொட்டியின் மேல் போய்க் காணாமல் போனது.

தொட்டியிலிருந்த குழாய்ப் புழுக்கள் இரையை வடிகட்டும் இறகு விசிறிகள் விரிந்திருந்தன. தண்ணீருக்குள் அல்ல. மேலே. காற்றில்.

கண்ணாடியில் நெற்றியை முட்டியிருந்த மூன்று வயது ஜெபீனா அவன் பக்கம் திரும்பினாள்.

அழுதுகொண்டிருந்தாள்.

முகம் சிவந்து, கண்ணீர் கழுத்துவரை. வாய் அகலத் திறந்து. தோள் குலுங்கக் குலுங்க. சத்தம் இல்லை. ஒவ்வொரு விம்மலுக்கும் விசிறிகள் ஆடின, சுருண்டன, மறுபடி விரிந்தன.

வாரி எடுத்தான். உச்சந்தலையை முகர்ந்தான். ஒன்றுமில்லை.

"ரஜியா!"

தொண்டை கிழிந்தது. அவன் குரல் அவன் காதிலேயே விழவில்லை.

கதவுக்கு அப்பால் ரஜியாவின் முதுகு. கரண்டி சுற்றிக்கொண்டிருந்தது.

மறுபடி கத்தினான்.

அவள் திரும்பவில்லை. விசிறிகள் திரும்பின. ஒவ்வொன்றாக. அவன் வாயை நோக்கி.