அறை காலி

கேட்டில் புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு குடும்பம், மேலே பெரிய எழுத்தில் 'நிம்மதியான வாழ்க்கை இங்கே தொடங்குகிறது'. பெட்டியோடு காரிலிருந்து இறங்கிய சாவிக்காரர் அதை இரண்டு முறை படித்தார். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் இதே இடத்தில் 'அத்துமீறினால் சுடப்படுவீர்' என்று எழுதியிருந்தது. அதில் பொய் இல்லை.

இது இராணுவ முகாமாக இருந்த காலத்தில் அவர் இங்கே ஸ்டோர் கிளார்க். எல்லா அறைச் சாவியும் அவர் இடுப்பில் தொங்கியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ரிடையர் ஆன பிறகும் விடவில்லை. காலி செய்த முகாம் பல வருடம் பாழாய்க் கிடந்தது. அப்புறம் ஒரு பில்டர் வந்து கட்டடங்களுக்கு வெளிர்மஞ்சள் அடித்து, அணிவகுப்பு மைதானத்தில் புல் வளர்த்து, சறுக்குமரம் நட்டு, வீடுகளாக்கி விற்றுவிட்டார். வாங்கியவர்களில் சாவிக்காரரின் ஒரே மகளும் ஒருத்தி. அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீங்க வேலை பாத்த இடம்ப்பா. ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் சொல்லல."

ஆச்சரியத்துக்கு என்ன குறைச்சல்? அவள் வாங்கியிருந்தது பழைய காவலறைக் கட்டடம்.

வந்த காரிலேயே திரும்பிவிடலாமா என்று பார்த்தார்.

மனைவி போன பிறகு தனியாகக் கிடந்த மனிதர். மகளை விட்டால் வேறு நாதியில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அவருக்கென்று ஒதுக்கியிருந்தது பின்பக்க அறை. மூன்று சுவர் பழசு. நான்காவது மட்டும் புதுச் செங்கல் வைத்துப் பூசியது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அந்தக் குடியிருப்பிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"மத்தியானத்துல இங்க ஏதோ தட்டுற மாதிரி கேக்குதுப்பா" என்றாள் மகள். "மூணு தட்டு. அப்புறம் சும்மா இருக்கும். மறுபடி மூணு."

"பழைய கட்டடம்மா. பைப்ல காத்து அடைச்சிருக்கும்." பதில் தயாராக வாயில் இருந்தது.

"நீங்க சொன்னா சரி" என்று நம்பிவிட்டுப் போய்விட்டாள். அவர் எது சொன்னாலும் நம்புகிறவள்.

முகாமில் ஒரு வழக்கம் இருந்தது. காலி செய்யும்போது எந்த அறையானாலும் சாவிக்கொத்தால் கதவை மூன்று முறை தட்ட வேண்டும். "உள்ளே ஆள் இருக்கா?" என்று குரல் கொடுக்க வேண்டும். பத்து எண்ண வேண்டும். அப்புறம்தான் பூட்டு, அப்புறம்தான் பதிவேட்டில் 'அறை காலி' என்று கையெழுத்து. கடைசி நாளில் நூற்றுப் பதினாறு அறைகளுக்கு அவர் அதை ஒழுங்காகத்தான் செய்தார். மிச்சமிருந்தது காவலறைக்குப் பின்னாலிருந்த தண்டனைக் கொட்டடி. அது ஏற்கெனவே பூட்டியிருந்தது. மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. லாரி டிரைவர் ஹாரன்மேல் ஹாரன் அடித்தான். யார் போய் நனைவது என்று லாரியில் உட்கார்ந்தபடியே 'அறை காலி' எழுதிவிட்டார்.

உள்ளே ஒரு சமையல்காரன் இருந்தான். லீவு முடிந்து மூன்று நாள் பிந்தி வந்ததற்குத் தண்டனை. அவனை வேறு லாரியில் ஏற்றியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். மறுநாள் புது முகாமில் பெயர் கூப்பிட்டபோது அவன் இல்லை. ஓடிவிட்டான் என்று முடிவு செய்தார்கள். சாவிக்காரருக்கு மட்டும் அந்த நிமிடமே உறைத்தது. நான்கு மணி நேரப் பயணம்; போய்த் திறந்திருந்தால் பிழைத்திருப்பான். வேலைக்கு உலை வைத்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டார். 'பணியை விட்டு ஓடிப்போனவர்' என்று அவன் அம்மாவுக்குப் போன கடிதத்தை டைப் அடித்ததும் அவரேதான். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கொட்டடிச் சாவி இன்னும் அவருடைய சவரப் பெட்டிக்குள் கிடந்தது.

மறுநாள் மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு கொத்தனார் வந்தார். அப்பாவின் துணிமணிக்கு அந்தப் புதுச் சுவரில் ஷெல்ஃப் வைக்கும்படி மகள் சொல்லியிருந்தாள். நாலு அடி அடித்ததும் செங்கல் பெயர்ந்து விழுந்தது. ஓட்டைக்குள் துருப்பிடித்த இரும்புக் கதவு. சாவி இல்லாத கதவை உடைக்கச் சோம்பல்பட்டு, பில்டர் அதன் முன்னாலேயே சுவரை எழுப்பியிருக்கிறார்.

முதலில் வாடை வந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அறைக்குள் மழையில் ஊறிய சாக்கு வாடை.

டங்.

டங்.

டங்.

கொத்தனார் உளியைக் கீழே வைத்தார்.

"ஐயா" என்று கிசுகிசுத்தார். "உள்ள இருந்து தட்டுறாங்க."

"பைப்பு."

"எனக்குப் பைப்பு சத்தம் தெரியாதா? நாம பதில் சொல்லுவோமான்னு நின்னு காத்திருந்து தட்டுறாங்கய்யா. சாவி இருந்தா குடுங்க, திறந்து பாத்துருவோம். எந்தப் பாவமோ."

சாவி கைக்கெட்டும் தூரத்தில், மேஜைமேலிருந்த சவரப் பெட்டிக்குள் இருந்தது. திறந்தால் எலும்பு வரும், போலீஸ் வரும், அவர் கையெழுத்துப் போட்ட பதிவேடு வரும். அதெல்லாம்கூடப் போகட்டும். 'எங்கப்பா, எங்கப்பா' என்று ஊரெல்லாம் பெருமையடிக்கும் மகள் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று அவர் முகத்தைப் பார்ப்பாள். அதை அவரால் தாங்க முடியாது. இந்த வயதில் அவருக்கு மிச்சமிருந்தது அந்த மரியாதை ஒன்றுதான்.

டங். டங். டங்.

"மூடிருங்க" என்றார்.

"ஐயா..."

"செங்கல்ல வச்சுப் பூசிருங்க. என் பொண்ணுகிட்ட எதுவும் சொல்ல வேணாம்."

கொத்தனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சுவரைப் பூசி முடித்தார். கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் சாமான்களை வாரிக்கொண்டு போய்விட்டார்.

தட்டும் சத்தம் நின்றிருந்தது.

சாவியை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, அப்பாடா என்று கட்டிலில் சாய்ந்தார். இருபத்திரண்டு வருடமாக வராத தூக்கம் வந்து அமுக்கியது. தூக்கத்தில் சாவிக்கொத்துக் குலுங்கியது. கதவில் மூன்று தட்டு. "உள்ளே ஆள் இருக்கா?" அவருடைய குரல்தான், அந்த வயதுக் குரல். இருக்கேன் என்று சொல்ல வாயெடுத்தார். நாக்கு புரளவில்லை. பத்து எண்ணி முடிந்ததும் பூட்டு விழுந்தது.

விழித்தார்.

கும்மிருட்டு.

ஜன்னல் இருந்த பக்கம் ஜன்னல் இல்லை. கட்டில் இல்லை. அடியில் ஈரச் சாக்கு. கையை நீட்டினார். இரும்பு. அதில் கீறல்கள் விரலில் தட்டுப்பட்டன. நெஞ்சு உயரத்தில் ஆழமாக இருந்தவை, கீழே இறங்க இறங்க மேலோட்டமாகிப் போயிருந்தன.

வெகு அருகில் மகளின் குரல் கேட்டது.

"என்னங்க, அப்பாவைக் காணோம். செருப்பு இங்கதான் கிடக்கு."

"சாயங்காலம்தானே, பார்க்ல நடந்துட்டிருப்பார்" என்றார் மருமகன். "நான் பாத்துட்டேன், ரூம் காலி."

"கட்டில்மேல ஏதோ துருப்பிடிச்ச சாவி கிடக்கு."

"பழசு. தூக்கிப் போடு."

குப்பைக் கூடையில் சாவி விழுந்தது. அவர் கத்தினார். கத்தியது அவர் காதுக்கே எட்டவில்லை. முஷ்டியை மடக்கிக் கதவில் மூன்று முறை தட்டினார். காத்திருந்தார். மறுபடி மூன்று.

"அது என்ன சத்தம்?" என்றார் மருமகன்.

"அதுவா?" மகளின் குரலில் ஒரு கவலையும் இல்லை. "பைப்ல காத்து அடைச்சிருக்கு. அப்பாதான் சொன்னார்."

ஸ்விட்சை அணைக்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேரின் காலடியும் தள்ளிப் போனது.

இருட்டுக்குள், அவருக்குப் பக்கத்தில், சாக்கின்மேல் யாரோ நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்கள். பிறகு வறண்ட குரல் ஒன்று அவசரமில்லாமல் எண்ணத் தொடங்கியது. பத்து வந்ததும் நிறுத்தி, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது.