நான்கு விநாடி

கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தவனிடம், "கண்களைத் திறக்கவும்" என்றது பெட்டி.

பிற்பகல் நாலு மணி. எதிரே நேர்கோடாகக் கிடந்த நெடுஞ்சாலையில் வெயில் தார் மணக்கக் காய்ந்தது. டயர்கள் ஒரே சுதியில் இரைய, இருக்கைக்குப் பின்னால் படுக்கையை மறைத்த திரையின் வளையங்கள் கம்பியில் உரசி உரசி ஓய்ந்தன. முன்கண்ணாடிக்கு மேலே உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஓட்டுகிறவரின் முகத்தை இமைக்காமல் பார்ப்பது அதன் வேலை. கண் மூடினால் கத்தும். அதற்கு முன்பின்னான பத்து விநாடியைப் படமாக்கி அலுவலகத்துக்கு அனுப்பும்.

அவன் மூடவில்லை. கறுப்புக் கண்ணாடி போடவில்லை, தொப்பி வைக்கவில்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து வந்திருந்தான். பெட்டிக்கு ஒரு சாக்கும் மிஞ்சக்கூடாது.

எட்டு மாதத்துக்கு முன் இதே லாரியை, இதே சாலையில், அவன் மனைவி ஓட்டிவந்தாள். நாலு பத்துக்குப் பாலத்துத் தூணில் மோதிச் செத்தாள். 'ஓட்டுநர் நான்கு விநாடி கண் மூடியிருந்தார்' என்று பெட்டி எழுதியது. தூங்கிவிட்டார் என்று லாரி நிறுவனம் எழுதியது. பட்டப்பகலில். ஈ பறந்தால் விழித்துக்கொள்கிறவள். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லி மூன்று முறை காகிதம் வந்தது. மூன்று முறையும் திருப்பி அனுப்பினான். பிறகு கனரக வாகன உரிமம் எடுத்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, பழுது பார்த்துப் புதுச் சாயம் பூசி நின்ற அவள் லாரியையே கேட்டு வாங்கினான். பெட்டி பொய் சொல்கிறது. ஒரு நாள் தன்னிடமும் சொல்லும். அன்று பிடித்துவிடலாம்.

இன்று சொல்லிவிட்டது.

ஸ்பீக்கரில் போன் வந்தது. கண்காணிப்பு அறைக்காரர். நாளெல்லாம் திரைகளையே பார்த்திருப்பதால் ஓட்டுநர்கள் வைத்த பெயர் ஆந்தை.

"என்ன தம்பி, கனவுல யாரு?"

"நான் முழிச்சிட்டுத்தான் இருக்கேண்ணே. உங்க பெட்டிதான் தூங்குது."

"வாய் நல்லாவே முழிச்சிருக்கு. ஓரமா நிறுத்தி ஒரு டீ குடி."

"படத்தைத் திறந்து பாருங்க."

"வர்ற படத்தையெல்லாம் பாக்க எனக்கென்ன நாலு கண்ணா? பெட்டி எழுதறதத்தான் படிப்பேன்."

"அவ படத்தையும் யாரும் பாக்கலையா?"



"இல்ல தம்பி," என்றார் ஆந்தை. "இரு. உன்னோடத இப்பவே பாக்கறேன்."

"கண்களைத் திறக்கவும்." இம்முறை இரண்டு விநாடி மூடியிருந்ததாகப் பெட்டியில் எண் மின்னியது.

ஜன்னல் வழியே அனல் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் பிடரி குளிர்ந்தது. நெடுநாள் மூட்டையில் கிடந்த ஈரத்துணியின் வாடை பின்னாலிருந்து மெல்ல எழுந்து, டீசல் வாடையை அமுக்கிக்கொண்டு, அவன் மூக்கு வரைக்கும் வந்து நின்றது. உள் கண்ணாடியில் பார்த்தான். காலையில் முழுக்க இழுத்து மூடிய திரை ஒரு சாண் விலகியிருந்தது.

சாலைமேல் நிழல் விழுந்திருந்தது. நீளநீளமாக, பட்டை பட்டையாக. மரம் இல்லை. கம்பம் இல்லை. லாரி ஓட ஓட நிழலும் கூடவே வந்தது.

"தம்பி, முகத்துலேர்ந்து கையை எடு."

"என்ன கை?"

"கண்ணைப் பொத்திட்டா வண்டி ஓட்டுவ? விளையாடற நேரமா இது? எடுன்னா எடு."

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். இடக்கை. வலக்கை.

"என் ரெண்டு கையும் ஸ்டியரிங்லதான்ணே இருக்கு."

அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது.

"ஆமா," என்றார் ஆந்தை. குரல் இறங்கிவிட்டது. "அதுவும் தெரியுது."

தூரத்தில் பாலம்.

"அவ படத்தைத் திறங்க."

"மொதல்ல ஓரங்கட்டு."

"திறங்க. அதுவரைக்கும் நிறுத்தமாட்டேன்."

விசைகள் தட்டும் சத்தம். பட்டைகள் தடித்தன. நடுவே வெயில் ஒரு விரல் அகலம். அரை விரல்.

"திறந்துட்டேன்… அவங்க ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கு. கண்ணு மேல… வேற ரெண்டு."

"தூங்கினாளா?"

"இல்லப்பா."

"எழுதுங்க."

"எழுதறேன், நிறுத்துடா!"

"எழுதிட்டுச் சொல்லுங்க!"

விசைகள் படபடத்தன. வெயில் ஒரு நூல். நூலுக்கு அப்பால் தூண்.

"எழுதிட்டேன்! தூங்கலன்னு எழுதிட்டேன்!"

மொத்த உடம்பையும் பிரேக்கின் மேல் வைத்தான். டயர்கள் அலறின. ரப்பர் கருகியது. லாரி குலுங்கி நின்றது. என்ஜின் செத்தது.

இருட்டு.

பகல் நாலு பத்து. இருட்டு.

"கண்களைத் திறக்கவும்."

"தொறந்துதான்டா இருக்கு," என்றான் பெட்டியிடம். "அவளும் தொறந்துதான் வெச்சிருந்தா."

பின்னால் திரையின் வளையங்கள் கம்பியில் நகர்ந்தன. ஒன்று. இன்னொன்று. அவன் ஸ்டியரிங்கை விடவில்லை. கண்ணை மூடவில்லை.

ஒரு முறை மட்டும் இமைத்தான்.

இமைமயிர் எதன்மீதோ உரசியது. ஈரமான, குளிர்ந்த தோல்.

அவன் மறுபடி, முன்னைவிட அகலமாகக் கண்ணைத் திறந்தான். அந்த உள்ளங்கைகள் இன்னும் கொஞ்சம் அழுத்தின.