அனிட்டாவின் 'வேணாம்'

காலை ஆறு ஐம்பதுக்கு ஊட்டன் 'டிங்' என்றது. சமையலறைச் சுவரில் பதித்திருந்த அந்த வெள்ளைப் பெட்டியின் வாய் திறந்து மஞ்சள் கிண்ணம் ஒன்று வெளியே வந்தது. தரையில் சிப்பிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த ஒன்பது வயது அனிட்டா எழுந்து வந்தாள், குடித்தாள், கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி சிப்பிகளிடம் போய்விட்டாள். அவள் அம்மா ஜெசிந்தா பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, ஊட்டன் கெட்டிக்காரன். தூத்துக்குடியில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் அரசாங்கமே அதைப் பொருத்தித் தந்து இருபது வருடம் ஆகிறது. பிள்ளையின் மணிக்கட்டில் இருக்கும் உணர்பட்டை ரத்தத்தையும் குடலையும் படித்துச் சொல்லும். எந்த வைட்டமின் குறைகிறது, எந்தச் சத்து கூடுகிறது என்று பார்த்து, பிள்ளைக்குப் பிடித்த நிறத்தில், நாக்கு கூசாத பதத்தில் ஊட்டன் கலக்கித் தரும். முன்பெல்லாம் இப்படிச் சில பிள்ளைகள் இரண்டே பண்டத்தோடு நாளை ஓட்டுவார்களாம். வயிறு வலித்தால் சொல்லவும் தெரியாதாம். அந்தப் பாடெல்லாம் போயே போச்சு! பசி வருவதற்கு ஐந்து நிமிடம் முந்தியே கிண்ணம் வந்துவிடும். இரண்டு வயதிலிருந்து அனிட்டாவுக்குப் பசி என்றால் என்னவென்றே தெரியாது.

ஜெசிந்தாவின் குறையும் அதுதான். அனிட்டாவிடம் இருந்தது ஒரே ஒரு சொல். தலை சீவப் போனால் 'வேணாம்'. இடி இடித்தால் 'வேணாம்'. 'வேணும்' மட்டும் வரவேயில்லை. எப்படி வரும்? கேட்கும் முன்பே எல்லாம் கைக்கு வந்துவிட்டால் பிள்ளை எதைத்தான் கேட்கும்? மகள் தன்னிடம் ஒரு வாய் சோறு கேட்க வேண்டும், ஒரே ஒரு தடவை. ஏழு வருடமாக ஜெசிந்தா இதற்குத்தான் ஏங்கிக் கிடந்தாள்.

விதிகளில் ஒரு சந்து இருந்தது. சமய நோன்புக்காக வருடத்தில் ஒரு நாள், நாற்பது நிமிடம் ஊட்டனை நிறுத்திவைக்கலாம். பெரிய வெள்ளிக்கு விண்ணப்பம் போட்டாள். ஊட்ட ஆலோசகர் இதயமலர் சுவர்த்திரையில் வந்தாள்.

"யக்கா, நோன்பு பெரியவங்களுக்குத்தானே? பிள்ளைக்கு எதுக்கு?"

"எங்க வீட்டு வழக்கம்மா" என்று ஜெசிந்தா கூசாமல் புளுகினாள்.

"பசிக்குமேக்கா."

"பசிக்கட்டும். பசிச்சாத்தான என்னைத் தேடுவா."

இதயமலர் விண்ணப்பத்தை மறுபடி ஒரு தடவை படித்தாள். பிறகு, "ரொம்ப அழுதாள்னா பட்டையில ரெண்டு தட்டு தட்டுங்க. கிண்ணம் வந்துரும்" என்று ஒப்புதல் தந்தாள். ஜெசிந்தா காய்ச்சப்போகும் கஞ்சிக்கும் அவளே அளவு சொன்னாள்.

பெரிய வெள்ளி மதியம் ஊட்டன் வாயைத் திறக்கவில்லை. அனிட்டா வந்து அதன் முன்னால் நின்றாள். பத்து நிமிடம் போயிற்று. சிப்பிகளிடம் போனாள், வரிசையைக் கலைத்தாள், திரும்பி வந்தாள். சட்டையைப் பிடித்து இழுத்தாள். தனக்குள் புதிதாக ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிறது, அது என்னவென்று தெரியவில்லை. இருபத்தைந்தாவது நிமிடம் முனகத் தொடங்கி, தன் கையைத் தானே கடித்தாள்.

'அடிப்பாவி, பெத்த பிள்ளையப் பட்டினி போட்டுட்டேனே!' ஜெசிந்தா பட்டையைத் தட்ட ஓடினாள். நீட்டிய கையை அனிட்டா பிடித்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டுபோய்த் தன் வயிற்றின் மேல் வைத்து அழுத்தினாள். அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வேணாம்" என்றாள்.

ஜெசிந்தாவுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே இருப்பது எனக்கு வேணாம், நீ எடுத்துவிடு. மகள் கேட்டுவிட்டாள்! தன்னிடம் இருந்த ஒரே சொல்லை வைத்து, பெட்டியிடம் கேட்காமல் அம்மாவிடம் கேட்டுவிட்டாள்.

தரையிலேயே உட்கார்ந்து கஞ்சியை ஊட்டினாள். நான்கு கரண்டி இறங்கியது. ஐந்தாவதற்கு அனிட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வேணாம்" என்றாள். ஜெசிந்தா அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் ஆறு நாற்பதுக்கே 'டிங்' என்றது. கூடவே இதயமலரும் திரையில் வந்தாள்.

"நேத்து பிள்ளை தவிச்சது பட்டையில பதிஞ்சிருக்குக்கா. அதான் ஊட்டன் இனி பதினஞ்சு நிமிஷம் முந்தியே தரும். அடுத்த வருஷம் இந்த விலக்கும் கிடைக்காது."

"கிடைக்கவே கிடைக்காதா?"

"கிடைக்காதுக்கா." குரலைத் தணித்துக்கொண்டாள். "உங்களப் பாத்தாலும் சங்கடமாத்தான் இருக்கு. ஏக்கம் அடங்கறதுக்கு ஒரு கலவை இருக்கு. உங்க பேருக்கு எழுதிவிட்டா ஊட்டன்லயே வந்துரும். எழுதட்டுமா?"

அனிட்டா குடித்து முடித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். அம்மாவின் கை அருகிலேயேதான் இருந்தது. அதைப் பார்க்காமல் சிப்பிகளிடம் போய்விட்டாள்.

ஜெசிந்தா அந்தக் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"வேணாம்" என்றாள்.