அனுபவ பாத்தியம்

கலைவாணனின் தலையில் வகிடு இடம் மாறியிருந்தது. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் பூர்ணிமா எப்போதும்போல இடப்பக்கம் வகிடெடுத்து வாரிவிட்டுப் போயிருந்தாள். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் அது வலப்பக்கம், நூல் பிடித்த மாதிரி, ஈரம்கூடக் காயாமல் இருந்தது. பின்கட்டு அறை முழுக்கக் கொலோன் வாசனை, அதற்கு அடியில் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாடை. பக்கவாதத்தில் பேச்சும் வலது கையும் போய்ப் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மனிதர் தானே வாரிக்கொண்டிருக்க முடியாது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் அன்னக்கிளியைக் கேட்டாள்.

"சத்தியமா நான் தொடலக்கா. கஞ்சி குடுத்தேன், துணி மாத்துனேன். அவ்ளோதான்."

பூர்ணிமா மறுபடி இடப்பக்கமாக வாரிவிட்டாள். புருஷனின் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் ஓர் இடத்தை, மன்னிப்புக் கேட்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தன.

உழவர்கரையில் அண்ணன் வீட்டு மாடியில் பதினோரு வருஷம் குடியிருந்துவிட்டு, டவுனுக்குள் ஒரு சந்தில் இந்தப் பழைய வீட்டை இருவர் பெயரிலும் வாங்கி வந்தார்கள். வந்த மூன்றாம் வாரம் கலைவாணன் விழுந்தார். விழுந்ததிலிருந்து கரைகிறார். மூன்று வேளையும் சாப்பிடுகிறார், ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள், ஆனால் எழுபத்தொரு கிலோ ஆள் நான்கே மாதத்தில் நாற்பத்து நாலுக்கு வந்துவிட்டார். நன்றாக ஊட்டுங்கள் என்கிறார் டாக்டர். இவள் ஊட்டாமலா இருக்கிறாள்! ஊட்டுவதெல்லாம் எங்கே போகிறது என்று சொல்லத்தான் ஒருவருக்கும் துப்பில்லை.

தெருவில் ஆளாளுக்கு ஒரு சாமியாரைச் சொன்னார்கள். பூர்ணிமா கணக்கு டீச்சர். அவள் பத்திர ஆபீசுக்குப் போனாள். இந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று தெரிந்தால் ஏதாவது ஒரு பிடி கிடைக்கும், அவரைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பினாள். வாங்கும்போது ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் செய்திருந்தார்கள்: முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது, கையெழுத்துப் போட்டார்கள். அந்த முப்பது வருஷமும் வீடு பூட்டியே கிடந்தது என்பதை யோசிக்கவில்லை. இப்போது லீவு போட்டு, மனுப் போட்டு, ஜன்னல் ஜன்னலாகக் கெஞ்சி, அதற்கு முந்தைய பத்திரங்களை ஒவ்வொன்றாக நகல் எடுத்தாள்.

ஐம்பத்தொன்றில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் வாங்கியிருந்தார்கள். விற்றபோது கையெழுத்துப் போட்டது இரண்டு பேர். அறுபத்து மூன்றில் வாங்கியது புருஷனும் பெண்டாட்டியும். விற்றது பெண்டாட்டி மட்டும். எழுபத்தெட்டில் தாயும் மகளும் வாங்கினார்கள், விற்றது தாய். கடைசியாக லூதோவிக், அமாந்தின் என்ற பிரெஞ்சுத் தம்பதி வாங்கியிருந்தார்கள். பிரான்சிலிருந்து வந்து இவர்களுக்கு எழுதிக் கொடுத்தது லூதோவிக் மட்டும். குறைந்த பெயர் எதற்கும் இறப்புச் சான்று இணைக்கப்படவில்லை. 'இருக்குமிடம் தெரியவில்லை' என்று ஒரே வரி, நான்கு பத்திரத்திலும்.

முதல் பத்திரம் ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தது, பிரெஞ்சில் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு. அதில் அவளுக்குப் படிக்க முடிந்தது செல்வாம்பாள் என்ற பெயர் மட்டும்தான். அந்தப் பெயரை வைத்து நகராட்சியில் பழைய பிறப்புப் பதிவையும் தேடி எடுத்துக்கொண்டு, மறுநாள் மத்தியானம் முசியே தொமினிக்கின் வீட்டுக்குப் போனாள். நோத்தேர் என்கிற பிரெஞ்சுப் பத்திர அதிகாரியிடம் குமாஸ்தாவாக இருந்தவர், இப்போது பழைய பத்திரங்களைப் படித்துச் சொல்பவர்.

"வித்திருக்காங்க, ஆனா முழுசா விக்கல" என்றார் அவர். "செல்வாம்பாள்னு ஒரு விதவை. வாங்குனவனுக்குச் சொத்து பேருக்குத்தான். அனுபவ பாத்தியம், அதாவது இருந்து அனுபவிக்கிற உரிமை, அந்தம்மாவுக்கே, ஆயுசு உள்ள வரைக்கும். யூஸுஃப்ருய்னு சொல்லுவோம்."

"அவங்க செத்தா முடிஞ்சிடும் இல்ல?"

"செத்தா முடிஞ்சிடும்." பிறப்புப் பதிவை எடுத்துக் மூக்குக் கண்ணாடிக்கு அருகே பிடித்தார். "பிரெஞ்சுப் பதிவுல ஓரத்துலயே எல்லாத்தையும் எழுதிடுவாங்கம்மா. இதோ, கல்யாணம் எழுதியிருக்கு. சாவு எழுதல."

"எழுத மறந்திருப்பாங்க. இருந்தா நூத்தி நாப்பது வயசு ஆகும் சார்!"

அவர் பிறப்புப் பதிவைக் கீழே வைத்தார். பத்திரத்தின் ஒரு வரியில் விரலை வைத்தார்.

"வீடு மட்டும் இல்லம்மா. வீடும் அதுக்குள்ள இருக்கறதும். வழக்கமா கட்டில், பீரோ, பாத்திரம்னு பேர் சொல்லி எழுதுவாங்க. இதுல பேர் சொல்லல. உள்ள எது இருந்தாலும் அனுபவிக்கலாம்னு போட்டிருக்கு." நிமிர்ந்தார். "வீட்டுக்காரர் இப்ப எங்க இருக்காரு?"

கஞ்சி எங்கே போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நின்ற இடத்திலேயே அன்னக்கிளிக்குப் போன் போட்டாள்.

"கிளி, அவர் பக்கத்துலயே இரு, நகராத. ஆம்புலன்ஸ் எடுத்துக்கிட்டு வரேன். அண்ணன் வீட்டுக்குக் கொண்டு போயிடலாம்."

"யாரு பேசறது?"

"நான்தான்டி. அக்கா."

அன்னக்கிளியின் குரல் மிகவும் தணிந்தது: "அக்கா உள்ள இருக்காங்களே. இப்பதான் என்னை வெளிய போய் உக்காரச் சொல்லிட்டுக் கதவைச் சாத்துனாங்க."

ஆம்புலன்ஸ் சந்துக்குள் நுழைந்தபோது மணி நாலு. நல்ல வெயில். அன்னக்கிளி எதிர்வீட்டுச் சுவரோரம் நின்றிருந்தாள். வண்டியிலிருந்து இறங்கிய பூர்ணிமாவைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே இருட்டு. நடை நீளத்துக்கும் கொலோன் வாடை. பின்கட்டு அறைக் கதவு தொட்டதும் திறந்துகொண்டது.

கலைவாணன் இருந்தார். தனியாக. உயிரோடு.

பூர்ணிமா வாய்விட்டு அழுதாள். கண்கள் இந்த முறை அவளைத்தான் பார்த்தன. இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது, வலிக்கும்படி.

"வெயிட்டே இல்லீங்களே மேடம்" என்றான் தூக்கியவர்களில் ஒருவன்.

"சீக்கிரம். சீக்கிரம் போங்க."

நடை. பின்னால் ஏதோ துணி உரசும் சத்தம். அவள் திரும்பவில்லை. கூடம். சத்தமும் கூடவே வந்தது. அவசரப்படாமல். திரும்பாதே. வாசல். வெளிச்சம். முன்னால் பிடித்தவன் படியைத் தாண்டினான். ஸ்ட்ரெச்சர் தாண்டியது. அவள் தாண்டினாள்.

மணிக்கட்டில் அவர் பிடி இல்லை.

கழுத்துவரை போர்த்தியிருந்த வெள்ளைப் போர்வை வெயிலில் மெல்லத் தாழ்ந்தது. மார்பு இருந்த இடம். வயிறு. கால்கள். தட்டையாகப் படிந்தது. தலையணையில் தலை அழுந்திய குழி மட்டும் இருந்தது. பின்னால் பிடித்திருந்தவன் அலறிக்கொண்டு கையை விட்டான்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. நாலு மாதமாகக் கேட்காத குரல். தெளிவாக, பயத்தில் உடைந்து.

"பூர்ணி!"

அவள் வாயைத் திறந்தாள்.

"தோ, வந்துட்டேங்க" என்று உள்ளே அவள் குரலே பதில் சொன்னது. நடையின் கடைசியில், பின்கட்டு அறைக் கதவு உள்பக்கமாக, மெல்லச் சாத்திக்கொண்டது.