முந்திக்கொண்ட வெளிச்சம்

ஜூலை 29, பிற்பகல் மணி 3.07. ஆன்ஸ் கோர்போ கிராமத்துப் புயல் காப்புக் கூடத்தில் விளக்குகள் பொசுக்கென்று அணைந்தன.

வெளியே கரீபியன் வெயில் தேங்காயைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளேயோ பூனைக்கே வழி தெரியாத இருட்டு. ஒத்திகைக்காக வாசலையும் இரும்புச் சன்னல்களையும் தாழ் போட்டிருந்தார்கள். விளக்கை அணைத்து விசில் ஊத வேண்டிய நேரம் 3.15. ஊத வேண்டியவள் சார்ஜெண்ட் ஆல்த்தியா ரோயர். அவள் இன்னும் விசிலைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

இருந்தாலும் பழக்கம் விடுமா? இருட்டிய கணமே இடது கையிலிருந்த ஸ்டாப்வாட்சை அமுக்கினாள். முதல் வெளிச்சம் தெரிந்ததும் மறுபடி அமுக்கினாள்.

முதல் வெளிச்சம் ஜோசஃபாத் மாஸ்டருடையது. பள்ளித் தலைமையாசிரியர், புயல் காப்புக் கமிட்டியின் செயலாளர்.

"யாரும் நகராதீங்க! நான் இருக்கேன்!"

அடுத்து ஹெஸ்கெத் புரோஸ்பரின் டார்ச் சிவப்பாக மின்னியது, நீலமாக மின்னியது, பிறகு கல்யாண வீடு மாதிரி விட்டு விட்டு எரிந்தது.

"டேய் ஹெஸ்கெத், டார்ச்சை அடிக்கச் சொன்னா டான்ஸ் ஆட விடுறியே!" இது சமையல்காரி பெர்ட்டீலியாவின் குரல். அவளுடைய டார்ச் மூன்றாவதாக எரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்றவை.

யாரோ தடவிப்போய்ச் சுவரிலிருந்த மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டார்கள். விளக்கு வந்தது. மாஸ்டர் மறுபடி அலறினார்.

"ஐயையோ, வாளியைப் பாருங்க!"

மேசையோரம் இரண்டு வாளிகள். நீல வாளி மூடியபடி இருந்தது. மஞ்சள் வாளியின் மூடி தரையில் கிடந்தது, மூடிமேல் வைத்திருந்த கல் அதன் பக்கத்தில். உள்ளே கடல் தண்ணீர் மட்டும் இருந்தது. டார்ச் இல்லை.

அதற்குள் கிடந்த டார்ச்சுக்காகத்தான் ஊர் இருபத்தெட்டு நாளாகத் தூங்காமல் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் புயல் பை கொடுக்கப் போகிறார்கள். பையில் எந்த டார்ச்? டொமினிக்காத் தீவில் அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்கக்கூட இவ்வளவு சண்டை நடந்ததில்லை. கடைசியில் மிஞ்சியவை இரண்டு.

ஒன்று, கடைக்காரி யூடோரா லவீலின் மஞ்சள் ரப்பர் டார்ச். முழங்கை நீளம், உள்ளே மூன்று தடித்த பேட்டரிகள். அதற்கு இரண்டு வேலைதான் தெரியும்: எரியும், அணையும். மற்றது, இங்கிலாந்திலிருந்து ஊர் திரும்பிய ஹெஸ்கெத் கொண்டுவந்த வெள்ளி டார்ச். விரல் தடிமன், ஏழு வித வெளிச்சம்; அதே ரகத்தில் இன்னொன்றைத்தான் அவன் கையில் வைத்திருந்தான். அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததை நம்பினால், அதை இங்கே அடித்தால் பக்கத்துத் தீவில் சேவல் கூவும். கோயில் படியிலிருந்து இரண்டையும் உருட்டினார்கள், லாரிச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார்கள், இரண்டும் பிழைத்தன. கடைசிச் சோதனைக்காக ஜூலை முதல் தேதி இரண்டையும் கடல் தண்ணீருக்குள் போட்டு, மூடிமேல் கல்லை வைத்தார்கள். எங்கள் ஊரில் கல் வைத்தால் அது அரக்கு முத்திரைக்குச் சமம். கூடத்துச் சாவி பெர்ட்டீலியாவின் அடுப்பங்கரை ஆணியில் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், யாரும் எடுக்க மாட்டார்கள் என்பது நம்பிக்கை.

இன்று 3.30க்கு வாளிகளைத் திறப்பதாக ஏற்பாடு. 5 மணிக்கு ஓட்டெடுப்பு. வராத டார்ச் தோற்ற டார்ச்.

மணி 3.12. ஆல்த்தியா வாசலுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

"ஒருத்தரும் வெளியே போகக் கூடாது."

அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான். அவளுடைய லாக்கப்பில் கடைசியாக அடைபட்டது ஒரு ஆட்டுக்கிடா. அதுவும் சாட்சி சொல்ல வந்தது. போன வாரங்களில் வந்த ஒரே புகார் பெர்ட்டீலியாவுடையது. மலைக்கடியில் ஆற்று மடுவில் நீர் மாதா குடிவந்துவிட்டாளாம். ஜூலை 9, 10, 11 மூன்று ராத்திரியும் தண்ணீருக்கடியில் அவள் முகம் பளபளவென்று எரிந்ததாம். ஆல்த்தியா அதை வழக்கு நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு, எதிரியின் முகவரி தெரியவில்லை என்று முடித்திருந்தாள்.

கூடத்துக்குள் பதின்மூன்று பேர். தாழ் போட்டது போட்டபடி. பெண்களை ஆல்த்தியா சோதித்தாள். ஆண்களை அவள் கண்ணெதிரே பாதிரியார் சோதித்தார். பெஞ்சுக்கடியில், அடுப்புக்குள், அரிசி டிரம்முக்குள், மேளத்துக்குள் எல்லாம் பார்த்தாயிற்று. முழங்கை நீள மஞ்சள் டார்ச் காற்றில் கரைந்துவிட்டது.

"வேற யாரு? இவன்தான்!" யூடோரா ஹெஸ்கெத்தைக் கைகாட்டினாள். "ஜெயிக்க மாட்டோம்னு தெரிஞ்சு போச்சு, லவட்டிட்டான்."

"எங்க வச்சிருக்கேன்? முழுங்கிட்டேனா?" ஹெஸ்கெத் வெள்ளைச் சட்டையின் முழுக்கையை ஆட்டினான். கஞ்சி போட்ட மடிப்பு கலையவில்லை. "உள்ள தண்ணி பூந்திருக்கும்னு பயந்து நீயே எடுத்து ஒளிச்சிருப்ப. ஊர்ல கேட்டுப் பாரு, எல்லாரும் அதான் சொல்வாங்க."

ஊர் சொல்லவில்லைதான். ஆனால் மறுக்கவும் இல்லை. நாலைந்து பேர் கூரையைப் பார்த்தார்கள். யூடோராவுக்கு அது புரிந்தது. தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"சார்ஜெண்ட், போன புயல்ல என் கடை ஓடு, சுவரு, தராசு எல்லாம் கடலுக்குப் போச்சு. பேரு ஒண்ணுதான் மிஞ்சிச்சு. இன்னிக்கு அதுவும் போனா நாளைக்கு எங்கிட்ட ஒரு ஆணி வாங்க ஆள் வராது."

"அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு யூடோரா அக்கா," என்றாள் ஆல்த்தியா.

அவள் மஞ்சள் வாளியருகே குனிந்தாள். வயிற்றுயரப் பெரிய வாளி. அடியிலிருப்பதை எடுக்கத் தோள்வரை கையை விட வேண்டும். தண்ணீரின்மேல் பாலேடு போல மெல்லிய, நாள்பட்ட படலம். அதன் நடுவில் செத்த விட்டில்பூச்சி ஒன்று சிறகு விரித்துச் சொகுசாகப் படுத்திருந்தது. சுற்றிலும் சிமெண்டுத் தரை. காலையில் பெர்ட்டீலியா பெருக்கிய கோடுகள்கூட அழியவில்லை. வாளியிலிருந்து மெயின் சுவிட்சுக்கு நாலு எட்டு. அவ்வளவுதான்.

மணி 3.40. விசாரணை.

"ஹெஸ்கெத், லைட் போனப்போ எங்க நின்ன?"

"மேடைகிட்ட. என் டார்ச்சுல சாதா வெளிச்சம் எந்த அமுக்குல வரும்னு எண்ணிக்கிட்டு இருந்தேன்."

"வந்துதா?"

"அஞ்சாவது அமுக்குல."

"பெர்ட்டீலியா?"

"அடுப்புகிட்ட. டார்ச்சைத் திருகித் தொறந்து, பேட்டரியைத் திருப்பிப் போட்டு, மூடி, அமுக்கினேன். பதினோரு செகண்டுதான் ஆயிருக்கும். போன ஒத்திகையில நான்தான் முதல். நீயே ஸ்டாப்வாட்சைப் பாத்துச் சொன்னியே, மறந்துட்டியா?"

இதில் விளக்க ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் பையில் வைக்கும் டார்ச்சில் கடைசி பேட்டரியை எல்லாரும் தலைகீழாகத்தான் போட்டு வைப்போம். பட்டன் தானாக அமுங்கினாலும் எரியாது, பேட்டரி தீராது. நேராகப் போட்டு வைப்பவனை, அடுப்பை அணைக்காமல் ஊருக்குப் போகிறவனைப் பார்ப்பது போலப் பார்ப்போம். இந்தப் பழக்கத்தை ஊருக்கே படித்துப் படித்துச் சொன்னவர் ஜோசஃபாத் மாஸ்டர். இன்றைக்கும் 2.40க்கு வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொருவர் டார்ச்சையும் திறந்து பார்த்துப் பட்டியலில் டிக் போட்டவர் அவர்தான். ஹெஸ்கெத்தினுடையது மட்டும் சார்ஜ் ஏற்றும் ரகம் என்பதால் விலக்கு.

"மாஸ்டர், நீங்க?"

"இந்த மேசைகிட்டதான். ஒரு பொறுப்புள்ள மனுஷன் எங்க நிக்கணுமோ அங்க." மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார். "எனக்கென்னமோ ஜன்னல் வழியா யாரோ..."

"ஜன்னல் தாழ் போட்டிருக்கு."

"அப்ப சுவர் வழியா."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆல்த்தியா சிரிக்கவில்லை. கையிலிருந்த ஸ்டாப்வாட்சை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். பிறகு நாட்குறிப்பை எடுத்துப் பழைய பக்கமொன்றைத் திருப்பினாள்.

மணி 4.02.

"எல்லாரும் உக்காருங்க. இன்னிக்கு இங்க எதுவும் திருடு போகல."

"என்னது!" யூடோரா எழுந்தேவிட்டாள்.

"இந்த வாளிக்கடியிலேருந்து யாராவது டார்ச் எடுத்திருந்தா தோள்வரைக்கும் நனைஞ்சிருக்கணும். பதிமூணு பேர் கையும் காஞ்சு கிடக்கு. தரையில ஒரு சொட்டு இல்ல. தண்ணிமேல ஏடு கலையல. செத்த பூச்சி அசையக்கூட இல்ல. அப்படீன்னா இன்னிக்கு இதுக்குள்ள கையே போகல. டார்ச் எப்பவோ போயிடுச்சு. இன்னிக்கு நடந்தது திருட்டு இல்ல, திருட்டு நாடகம்."

"யாரு போட்ட நாடகம்?" என்றான் ஹெஸ்கெத்.

"மூணரைக்கு வாளியைத் தொறந்தா காலியா இருக்கும்னு முன்கூட்டியே தெரிஞ்ச ஆளு. அதுக்கு முன்னாடி ஒரு இருட்டு வேணும். இருட்டுல சுவிட்சைத் தள்ளி, நாலு எட்டு வச்சு, கல்லையும் மூடியையும் இறக்கி வச்சா போதும். உடனே வெளிச்சமும் வேணும், யாரும் வாளிகிட்ட வராம 'நகராதீங்க'ன்னு முதல்ல கத்தணுமே." அவள் ஸ்டாப்வாட்சை உயர்த்திக் காட்டினாள். "இருட்டினதும் பழக்கதோஷத்துல அமுக்கிட்டேன். முதல் வெளிச்சம் வர எத்தனை செகண்ட் தெரியுமா? ஏழு."

முதலில் பிடிபட்டது பெர்ட்டீலியாவுக்கு. அவள் வாய் மெதுவாகத் திறந்தது.

"ஏழா? ஏழுக்குள்ள திருகித் தொறந்து பேட்டரியைத் திருப்பக்கூட முடியாதே!"

"முடியாது. பேட்டரி தலைகீழா இருந்தா முடியாது. இருட்டு வரப்போகுதுன்னு தெரிஞ்சு, முன்கூட்டியே நேராப் போட்டு வச்சிருந்தாத்தான் முடியும். எல்லார் டார்ச்சையும் நீங்க சோதிச்சீங்க மாஸ்டர். உங்க டார்ச்சை யாரு சோதிச்சா?"

ஜோசஃபாத் மாஸ்டர் கண்ணாடியை மறுபடி துடைத்தார். அதில் துடைக்க இனி ஒன்றும் பாக்கியில்லை.

"எனக்கு... யூடோராவோட டார்ச் எதுக்கு?"

"நண்டுக்கு."

பின்வரிசையில் யாரோ புரையேறி இருமினார்கள். கூடத்துக் கதவிலேயே மாஸ்டரின் முத்து முத்தான கையெழுத்தில் ஓர் அறிவிப்பு தொங்கியது: ஆகஸ்டு முடியும்வரை நண்டு பிடிப்பது கிராமத் துரோகம்.

"ஜூலை ஒன்பது, பத்து, பதினொண்ணு," ஆல்த்தியா நாட்குறிப்பிலிருந்து வாசித்தாள். "ஆத்து மடுவுல தண்ணிக்கடியில வெளிச்சம். புகார் கொடுத்தது பெர்ட்டீலியா. நீர் மாதா குடிவந்தா மூணு நாளோட காலி பண்ணிட்டுப் போவாளா? அது பேட்டரி தீர்ற வரைக்கும் எரிஞ்ச டார்ச்சு, ராத்திரியில டார்ச்சோட அந்தப் பக்கம் போறவங்க நண்டுக்குத்தான் போவாங்க."

மாஸ்டர் உட்கார்ந்தார். அவர் எழுந்து நின்று பாடம் நடத்தித்தான் ஊர் பார்த்திருக்கிறது. அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை.

"ஒரே ஒரு ராத்திரிதான். என் டார்ச்சு சின்னது, பொந்துக்குள்ள எட்டல. இதைக் கொண்டு போயிட்டுக் காலையில திருப்பி வச்சுடலாம்னு நினைச்சேன். பாறைமேல கால் வழுக்கிச்சு. மேலேருந்து போச்சு... அம்பதடி, பாறைக்குப் பாறை மோதிக்கிட்டு, மடுவுல விழுந்துச்சு."

"போய் எடுத்திருக்கலாமே மாஸ்டர்? வெளிச்சம்தான் தெரியுதே!" என்றான் ஹெஸ்கெத்.

மாஸ்டர் தரையைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு நீச்சல் தெரியாது."

கடற்கரைக் கிராமத்தில் இது நண்டுக் குற்றத்தைவிடப் பெரிய வாக்குமூலம். பாதிரியார்கூடச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மூங்கிலைக் கட்டித் தினமும் போய்த் துழாவினேன். எட்டல. மூணு ராத்திரி, நடுவுல பகலும் சேத்து, கீழேருந்து என்னையே பாத்து எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நாலாம் நாள்தான் அணைஞ்சுது. யூடோரா, பழி உன்மேல விழும்னு நான் நினைக்கல. ஹெஸ்கெத்மேலதான் விழும்னு நினைச்சேன்."

"ரொம்ப நன்றிங்க மாஸ்டர்!" என்றான் ஹெஸ்கெத்.

யூடோரா மாஸ்டரை அடிக்கப்போகிறாள் என்றுதான் எல்லாரும் ஒதுங்கினார்கள். அவள் அடிக்கவில்லை. இடுப்பில் கைவைத்து அவர் எதிரில் நின்றாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்க. எத்தனை அடி?"

"அம்பது."

"எத்தனை ராத்திரி?"

"மூணு."

"தண்ணிக்கடியிலயா?"

"தண்ணிக்கடியிலதான்."

மணி 4.25. ஊரே மடுவைச் சுற்றி நின்றது. இங்கிலாந்துக் கால்சட்டையோடு தண்ணீரில் குதித்தவன் ஹெஸ்கெத். ஏன் குதித்தான் என்று பிறகு கேட்டதற்கு, பழி போட்டது தன்மேல் என்பதால் துடைப்பதும் தன் வேலைதான் என்றான். மூன்றாவது முழுக்கில் பாசி பிடித்த மஞ்சள் டார்ச்சோடு எழுந்தான். யூடோரா அதைத் திருகித் திறந்து கவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே வெயிலில் வைத்தது போலக் காய்ந்திருந்தது. புது பேட்டரிகளைப் போட்டு அமுக்கினாள். பட்டப்பகலில், நேராக மாஸ்டரின் மூக்குமேல் எரிந்தது.

மணி 4.50. நீல வாளியைத் திறந்தார்கள். வெள்ளி டார்ச்சைத் தூக்கியதும் தேநீர்க் கெண்டி மாதிரி தண்ணீர் ஊற்றியது. ஏழு விதத்தில் ஒரு விதம்கூட எரியவில்லை. முதலில் கை தட்டியவன் ஹெஸ்கெத்.

மணி 5.00. ஓட்டெடுப்பு நடத்த வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சோதனை அறிக்கையைச் செயலாளர்தான் எழுத வேண்டும் என்பது விதி. யூடோரா பேனாவை நீட்டினாள். அந்த முத்து முத்தான கையெழுத்தில் மாஸ்டர் எழுதியது இன்றும் கூடத்துக் கதவில் தொங்குகிறது:

விழுந்த உயரம் ஐம்பது அடி. தண்ணீருக்கடியில் எரிந்தது மூன்று இரவு, இரண்டு பகல். உள்ளே புகுந்த நீர் இல்லை. சோதித்தவர் ஜோசஃபாத் துரான், தலைமையாசிரியர்.

பெர்ட்டீலியா தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"நண்டு எத்தனைன்னு எழுதலியே மாஸ்டர்?"

மாஸ்டர் பேனாவைத் திரும்ப எடுத்து ஒரு வரி சேர்த்தார்: கிடைத்த நண்டு, ஒன்றுமில்லை.