மருந்து அடங்கிய பிறகு

1955 மார்ச்சில், பனி உருகி வழியெல்லாம் சேறாகிக் கிடந்த ஒரு காலையில், ஓஹையோ ஆற்றங்கரையில் இருந்த ஒரு மருத்துவமனைக்கு வேலைக்கு வந்து சேர்ந்தாள் நர்ஸ் ஐடெல்லா. பாதி மருத்துவமனை, பாதி சிறை. போதைக்கு அடிமையாகித் தண்டனை பெற்றவர்கள்தாம் நோயாளிகள். அவளுக்குக் கிடைத்தது கோடியில் இருந்த ஆராய்ச்சி வார்டு. ஆறு கட்டில்கள், சுண்ணாம்பு வாசனை, வெயில் தாராளமாக விழும் உயரமான ஜன்னல்கள். பயப்பட அங்கே எதுவும் இல்லை.

வேலையும் எளிது. காலை எட்டு மணிக்கு, இல்லாததைக் கண்ணுக்குக் காட்டும் எல்.எஸ்.டி. மருந்து கலந்த தண்ணீரைக் கொடுப்பாள். மணிக்கொரு தரம் கண்மணியை அளப்பாள், முழங்காலைத் தட்டிப் பார்ப்பாள், அச்சடித்த கேள்வித்தாளை வாசிப்பாள். சுவர் அசைகிறதா? கைகள் தொலைவில் தெரிகின்றனவா? இப்படி ஒரு பக்கம் முழுக்க. தினமும் ஒரே அளவு கொடுத்தால் உடம்பு எத்தனை நாளில் அதற்குப் பழகிப்போகும் என்று கண்டறிவதுதான் டாக்டர் ஹாஸ்கமின் ஆராய்ச்சி. ஒத்துக்கொண்டவருக்குக் கூலியாகக் கிடைப்பது, அவர்கள் ஏங்கும் மார்ஃபின் ஊசி.

மூன்றாம் கட்டில்காரர் ஆல்வின் மேப்ரி, சிகாகோவில் டிராம்போன் வாசித்தவர். முதல் நாள் அவருக்குச் சுவர் மூச்சுவிட்டது. போர்வையின் கோடுகள் ஊர்ந்தன. கால்மாட்டில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான்.

"ஒரு கால்ல மட்டும் சாக்ஸ் போட்டிருக்கான், மிஸ். இன்னொண்ணு வெறுங்கால், நீலம் பாரிச்சுக் கெடக்கு. ஒரு ஜோடி வாங்கிக் கொடுக்க அரசாங்கத்துக்கு வக்கில்லையா?" என்று சிரித்தார் ஆல்வின்.

ஐடெல்லாவும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள்.

நான்காம் நாள் சுவர் அசையவில்லை. ஆறாம் நாள் கோடுகள் அடங்கின. எட்டாம் நாள் கண்மணியும் முழங்காலும் மருந்தையே தொடாதவருடையவை போல இருந்தன.

ஆல்வின் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

"மருந்து விட்டுப்போச்சு, மிஸ்," என்று கிசுகிசுத்தார். "அவன் போகல."

கால்மாட்டில் விரிப்பு ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்குக் குழிந்திருந்தது. அவள் இழுத்துச் சரிசெய்தாள். விரல் சில்லிட்டது. நனைந்த கம்பளியின் வாடை.

மறுபடி குழிந்தது.

"என்ன பண்றான்?"

"ஒண்ணும் பண்ணல. நீங்க கேள்வி படிக்கிறப்ப மட்டும் தலையைத் தூக்குறான்."

அவள் டாக்டரிடம் போனாள். "மருந்து முழுக்க அடங்கிடுச்சு, டாக்டர். ஆனா அந்த ஆள் மட்டும் போகலையாம். ஒத்தைச் சாக்ஸோட ஒருத்தன்…"

ஹாஸ்கமின் பேனா நின்றது.

"இடது கால்லயா?"

எந்தக் கால் என்று அவள் சொல்லியிருக்கவில்லை. ஆல்வினும் சொன்னதில்லை.

"யார் டாக்டர் அது?"

"யாருமில்ல. மருந்து." அவர் நிமிரவில்லை. "மருந்தால வர்றதுன்னா அளவு ஏற ஏற அதுவும் ஏறும். நாளைக்கு நாலு மடங்கு கொடுங்க. ஏறுதான்னு பாப்போம்."

மறுநாள் காலை மருந்துக் குவளையோடு வந்தவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார் ஆல்வின்.

"வேணாம், மிஸ். ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இப்பவே என் முழங்கால்ல கை வச்சிருக்கான். வாய் அசையுது, சத்தம்தான் வரல. அந்த மருந்து உள்ள போச்சுன்னா சத்தமும் கேட்டுரும்."

வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் மருந்தைக் கழுவுதொட்டியில் கொட்டினாள். பிறகு கட்டிலின் கால்மாட்டைப் பார்த்துப் பேசினாள். அவள் கண்ணுக்கு அங்கே வெறும் விரிப்புதான்.

"அவரை விட்டுடுங்க. சொல்ல வேண்டியது ஏதாச்சும் இருந்தா என்கிட்ட சொல்லுங்க."

குழி மெல்ல மேலெழும்பிச் சமமானது.

ஆல்வின் நெடுநேரம் கண்ணை மூடியபடி மூச்சுவிட்டார். அன்றே சோதனையிலிருந்து விலகிப் பொது வார்டுக்குப் போனார். போகும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க நல்லவங்க, மிஸ். அதனாலதான்…"



மருந்து கொட்டப்பட்டதைப் பற்றி ஹாஸ்கம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அறைக்குள் வந்தால் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

திங்கட்கிழமை அந்தக் கட்டிலுக்கு லெஸ்டர் பாக்ஸ் வந்தார். கரிச்சுரங்கத்தில் வேலை பார்த்தவர், அதிகம் பேசாதவர். மருந்து தொடங்குவதற்கு முன் ஒரு தடவை கேள்வித்தாளை வாசித்துவிடுவது வழக்கம். அவர் உடம்பில் அப்போது ஒரு சொட்டு மருந்து இல்லை. வெளியே நல்ல வெயில்.

"சுவர் அசையுதா?"

லெஸ்டர் எதையோ காதுகொடுத்துக் கேட்பவர்போல் தலையைச் சாய்த்தார்.

"கை தூரத்துல தெரியுதா?"

அவர் மரியாதையாகக் காத்திருந்தார். பார்வை அவள் தோளுக்கு மேலே இருந்தது.

"மிஸ்டர் பாக்ஸ், பதில் சொல்லுங்க."

"அவர் முடிக்கட்டும்னு இருக்கேன், மிஸ்."

"யாரு?"

"உங்க பின்னாடி ஒத்தைச் சாக்ஸோட நிக்கிறவர்தான். ஒவ்வொண்ணுக்கும் 'ஆமா, ஆமா'ங்கறாரே." லெஸ்டரின் குரல் தணிந்தது. "உங்களுக்குக் கேக்கலையா?"

அவள் திரும்பவில்லை.

"அடுத்ததைப் படிங்க, மிஸ்," என்றார் லெஸ்டர். "அவர் காத்துக்கிட்டிருக்காரு."