கோழிகளுக்குத் தெரிந்த தலைக்குட்டை

“சனோபர் சின்னம்மா! தவிடு வந்தாச்சு! ரஷ்யாவுக்குப் போனவன் அங்கேயே செட்டிலாயிட்டான்னு நினைச்சீங்களா?”

நாணல் வேலிக்கு அந்தப் பக்கம், கோழிக்கூட்டுக்குள் குனிந்திருந்த மஞ்சள் பூப்போட்ட தலைக்குட்டை நிமிரவில்லை. தவிட்டுக்கார எல்யோர் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படலைக் காலால் தள்ளினான்.

“என்ன சின்னம்மா, கோபமா? குளிர்காலம் முழுக்க உங்க கோழிங்களைப் பட்டினி போட்டது தப்புதான். காதைப் பிடிச்சுக்கவா?”

தலைக்குட்டை நிமிர்ந்தது... திரும்பியது.

சின்னம்மா இல்லை. கண்கள் மட்டும் சின்னம்மாவுடையவை. அதே தேன் நிறம்... ஆனால் இளசு, ஈரம். கழுத்திலிருந்து கால்வரை கருநீல உடை. அந்த உஸ்பெக் ஊரான மர்கிலானில் அந்த நீலத்தைப் பார்த்த பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை. செத்தவருக்காக மகள் ஒரு வருஷம் உடுத்தும் நிறம் அது.

மூட்டை தோளிலிருந்து நழுவி விழுந்து வாய் பிளந்தது. கோழிகளுக்குக் கொண்டாட்டம்!

“எப்போங்க...?”

“பனிக்காலத்துல. வெறும் காய்ச்சல்தான்னாங்க. நான் தாஷ்கண்ட்லேர்ந்து வந்து சேர்றதுக்குள்ள...” அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். துக்கம் வந்த வேகத்தில் கோபமும் வந்தது. “அது போகட்டும். முதுகைப் பார்த்தே சின்னம்மாம்பீங்களா? எனக்கு என்ன வயசுன்னு நினைப்பு?”

“தலைக்குட்டையைப் பார்த்து ஏமாந்துட்டேங்க...”

“கோழிங்களும் அப்படித்தான் ஏமாறுது.”

அதுதான் சனோபரின் மகள் மஹ்லியாவின் ரகசியம். நீல உடையோடு அவள் போனால் கோழிகள் சிதறி ஓடின. அவற்றுக்கு அம்மா என்றால் அந்த மஞ்சள்தான். துக்கத்தில் இருக்கிற பெண் பூப்போட்டது கட்டினால் தெருவே பேசும். அதனால் விடிந்ததும் யாரும் பார்க்காமல் கட்டிக்கொள்வாள். தீனி போட்டதும் அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொள்வாள். அம்மாவின் வாசனை அதில்தான் மிச்சமிருந்தது.

அதன்பிறகு எல்யோர் வெள்ளிக்கிழமை தோறும் வந்தான். அரை மூட்டைத் தவிட்டை இறக்க அவ்வளவு நேரமா ஆகும்?

“இந்தச் சேவல் என்னை ஏன் முறைக்குது?”

“ஆளைப் புரிஞ்சுக்கிட்டிருக்கும்.”

“புரிஞ்சுக்க வேண்டியவங்க புரிஞ்சுக்கலையே...”

அவள் சட்டென்று குனிந்து தண்ணீர்த் தட்டைக் கழுவ ஆரம்பித்தாள். ஏற்கெனவே கழுவிய தட்டு! ‘அம்மா போன வீட்டுல எனக்குச் சிரிப்பு ஒரு கேடா’ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் வியாழக்கிழமைகள் ஏன் இத்தனை மெதுவாக நகர்கின்றன...

ஒரு வெள்ளிக்கிழமை ஹாஃபிஸா அத்தை சொல்லாமல் வந்து நின்றாள். அப்பாவும் இல்லாத அந்த வீட்டில் அத்தை சொன்னதுதான் சட்டம்.

“எங்க சனோபர் போய் இன்னும் மண்ணு காயலை... பூப்போட்டது கட்டிக்கிட்டுத் தவிட்டுக்காரனோட இளிக்கிறியா?”

“அத்தை, கோழிங்களுக்காகத்தான்...”

“கோழிக்காக! நான் காதுல பூ வச்சிருக்கேனா?”

அத்தை தலைக்குட்டையைப் பறித்து அவன் வண்டியில் எறிந்தாள். எல்யோர் வாய் திறப்பதற்குள் மஹ்லியா முந்திக்கொண்டாள். தெருவில் நாலு பேர் நின்றுவிட்டார்களே...

“இனிமே இங்க வராதீங்க. தவிடு வேற இடத்துல வாங்கிக்கிறோம்.”

அவன் போய்விட்டான். தலைக்குட்டையும் போய்விட்டது. ‘அதை மட்டும் குடுத்துட்டுப் போங்க’ என்று ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம்...

கோழிகள் அவளைக் கண்டாலே ஆப்ரிகாட் மரத்தில் ஏறிக்கொண்டன. கூட்டுக்குத் திரும்பவே இல்லை. தெருவே அதைப் பேசியது. அம்மாவின் செல்லக் கோழி புள்ளிக்காரி, அடைகாத்த முட்டைகளையும் விட்டுவிட்டு மழையில் கிளையில் ஒடுங்கிக் கிடந்தாள். மஹ்லியா கைவிட்டுப் பார்த்தாள். முட்டைகள் சில்லென்று இருந்தன. கூட்டுக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள்.

“கூட்டுக்கே வராத கோழி என்னத்துக்கு? நாளைக்குச் சந்தையில குடுத்துடலாம்,” என்றாள் அத்தை.

அம்மா விட்டுப்போன உயிர்கள் அவை மட்டும்தான். நாளைக்கு அவையும் இல்லை...

அப்போது தெருவில் ஒரே சிரிப்புச் சத்தம். மஹ்லியா கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

கொட்டுகிற மழையில், மீசையும் தானுமாக, மஞ்சள் பூத் தலைக்குட்டையை மோவாய்க்கடியில் முடிந்துகொண்டு எல்யோர் வந்துகொண்டிருந்தான்! பின்னாலேயே கூட்டம். “மாப்பிள்ளை எங்கடி பொண்ணே?” என்று யாரோ கத்தினார்கள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மரத்தடியில் நின்று கையில் தவிட்டை ஏந்தினான்.

“து... து... து...”

அம்மா கூப்பிடுகிற அதே இழுப்பு. எத்தனை வருஷம் கேட்டிருப்பான்!

சேவல் முதலில் குதித்தது. பிறகு ஒவ்வொன்றாக... கடைசியாகப் புள்ளிக்காரி. நேராகக் கூட்டுக்குள் போய் அந்தச் சில்லிட்ட முட்டைகள் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். இனி எதுவும் பொரியாது என்று அவளுக்கு யார் சொல்வது?

மஹ்லியா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது.

வாசலில் நின்ற அத்தை மூக்கை உறிஞ்சினாள். “சனோபர் கூப்பிட்ட மாதிரியே இருக்கு...” என்று முனகிவிட்டு உள்ளே போனாள். அதன்பிறகு சந்தைப் பேச்சை எடுக்கவே இல்லை.

“நீங்க நீலத்தைக் கழட்ட வேண்டாங்க,” என்றான் எல்யோர், அவளைப் பார்க்காமல். “வருஷம் திரும்பற வரைக்கும் தினமும் காலையில இதை நான் கட்டிக்கிறேன். ஊரு சிரிச்சா சிரிக்கட்டும். வருஷம் முடிஞ்சதும் எங்கம்மாவைப் பொண்ணு கேட்டு அனுப்பறேன்... அனுப்பலாமா?”

அவள் எட்டி அவன் மோவாயடி முடிச்சை அவிழ்த்தாள்.

“இதைத் துவைச்சிட்டீங்களா?”

“ஐயோ, இல்லீங்க... தொடவே பயந்து வச்சிருந்தேன்.”

முகத்தில் வைத்துக்கொண்டாள். தவிட்டு வாசனை... மழை வாசனை... அம்மாவைத் தேடினாள். எங்கோ ஓர் ஓரத்தில், இருக்கிறதா இல்லையா என்று.

கண்ணை மூடிக்கொண்டே அதை அவனிடம் நீட்டினாள்.

“துவைக்காதீங்க. அம்மா வாசனை போயிட்டிருக்கு... இனிமே உங்க வாசனையாவது அதுல இருக்கட்டும்.”